வாசலிலா, இரண்டாவது வேலையிலா? வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கும் வழிகள்

தனியாகத் தொழில் செய்பவர்கள், சின்ன நிறுவனம் நடத்துபவர்கள் எல்லாருமே இந்த அறிவுரையைக் கேட்டிருப்பார்கள்: வருகிற எல்லாரையும் ஏற்காதீர்கள், வாடிக்கையாளரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சரிதான். ஆனால் எதைப் பார்த்து, எந்தக் கட்டத்தில், எவ்வளவு கறாராக என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் கட்டணத்தைக் கூட்டச் சொல்வார். இன்னொருவர் ஒரே துறையில் நிற்கச் சொல்வார். நாலு பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பார் மற்றொருவர். முதல் பேச்சிலேயே ஆளை எடை போட்டுவிடலாம் என்பவர்களும் உண்டு. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒவ்வொரு வழியும் வேறு வேறு ஆட்களை வெளியே நிறுத்துகிறது, ஒவ்வொன்றும் வேறு விதமாகக் கையைக் கடிக்கிறது.

நான் செய்வது பக்க வடிவமைப்பு: புத்தகம், ஆண்டறிக்கை, கையேடு இப்படி. கணக்காளர், மொழிபெயர்ப்பாளர், மென்பொருள் எழுதுபவர் என்று வாடிக்கையாளர் கேட்டபடி வேலை செய்து தருகிற யாருக்கும் இது பெரும்பாலும் பொருந்தும் என்று நினைக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசலில், அதாவது முதல் பேச்சில், மிகச் சிலரை மட்டும் மறுக்க வேண்டும். மற்றவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஒரு சின்ன வேலை செய்து தர வேண்டும். அதே ஆள் இரண்டாவது வேலையோடு வரும்போதுதான் கறாராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏன் என்று சொல்ல, மற்ற வழிகளின் நல்லது கெட்டதையும் பார்த்துவிட வேண்டும்.

எல்லாரையும் ஏற்பது

வந்ததை எல்லாம் ஏற்பவர்களை அனுபவசாலிகள் சிலர் மட்டமாகப் பேசுவார்கள். அது நியாயமில்லை. தொழில் தொடங்கிய புதிதில், தன் கைக்கு எந்த வேலை வரும், எந்த மாதிரி ஆட்களோடு ஒத்துப்போகும் என்பதே ஒருவருக்குத் தெரிந்திருக்காது. பல வகை ஆட்களோடு பழகிப் பார்த்துத்தான் அது தெரியவரும். அதோடு, அடுத்த மாதச் செலவுக்கு வழி தெரியாமல் இருப்பவரிடம் போய்த் தேர்ந்தெடு என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. மூன்று நான்கு மாதச் செலவுக்காவது கையில் பணம் இருந்தால்தான் முடியாது என்ற சொல் வாயிலிருந்து வரும். அதனால் தேர்ந்தெடுக்க விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது சேமிப்பு. அது வரைக்கும் எல்லாரையும் ஏற்பதில் தவறில்லை.

இந்த வழியில் உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. நம் நேரம் நிரம்ப நிரம்ப, தாமதம் சீராக ஏறுவதில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் எகிறிவிடுகிறது. கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணித அறிஞர் 1909இல் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கணக்கு இது. வேலை செய்பவர் ஒரே ஆள். வேலைகள் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும் நேரமும் கூடக் குறைய இருக்கிறது. இதற்கான மிக எளிய மாதிரியில் போட்டுப் பார்த்தால், அவருடைய நேரத்தில் 80 விழுக்காடு நிரம்பியிருக்கும்போது புதிதாக வரும் வேலையைத் தொடங்கவே சராசரியாக நான்கு வேலைக்கான நேரம் காத்திருக்க வேண்டும். 90 விழுக்காடு நிரம்பியிருந்தால் ஒன்பது வேலைக்கான நேரம். 95 என்றால் பத்தொன்பது. கடைசி ஐந்து விழுக்காட்டில் காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது.

ஆக, போனால் போகிறது என்று கடைசியாக ஏற்ற அந்த ஒரு வேலை, அதன் பின்னால் நிற்கும் எல்லாருடைய தேதியையும் தள்ளிவிடுகிறது. அப்போது என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தொல்லை தருகிறவர் தினமும் போன் செய்வார், சத்தம் போடுவார். அவர் வாயை அடைப்பதற்காகவே அவர் வேலை முதலில் முடியும். பொறுமையான நல்ல வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லாமல் காத்திருப்பார். அடுத்த முறை அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார், அதையும் சொல்லாமலே. எல்லாரையும் ஏற்பவர்கள் யாரையும் இழக்காமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் ஆள் போகத்தான் போகிறார்கள், போவதும் இருக்க வேண்டியவர்கள்தான். இந்த ஒரு காரணம் போதும், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் இந்த வழியை விட்டுவிட.

கட்டணத்தைக் கூட்டுவது

இதில் பெரிய வசதி, யார் முகத்துக்கு நேரேயும் முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை. கொட்டேஷனைப் பார்த்துவிட்டு அவர்களே விலகிக்கொள்வார்கள். வேலை குவிந்து கிடக்கிற நேரத்தில் இதைவிடச் சுலபமான வழி கிடையாது. மேலே சொன்ன 95 விழுக்காட்டை 80க்குக் கொண்டுவர, வருமானம் குறையாமல் செய்யக்கூடியது அநேகமாக இது ஒன்றுதான்.

ஆனால் கட்டணம் பிரித்துக் காட்டுவது பணம் உள்ளவரையும் இல்லாதவரையும் மட்டும். பழக நல்லவரையும் மோசமானவரையும் அது பிரிக்காது. நிறையக் கொடுப்பவர்களில், இவருடைய நேரத்துக்கு விலை உண்டு என்று புரிந்து கொடுப்பவர் ஒரு வகை. இவ்வளவு கொடுத்திருக்கிறேனே, நள்ளிரவில் கூப்பிட்டால் எடுக்க வேண்டாமா என்று கேட்பவர் இன்னொரு வகை. இரண்டு பேரும் ஒரே கொட்டேஷனுக்குத்தான் சரி என்று சொல்லியிருப்பார்கள்.

தாராளமாகக் கொடுக்கிற இடம் நேரத்துக்குக் கொடுக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பணத்தை இழுத்தடிப்பது எவ்வளவு பரவலான பழக்கம் என்பதற்குச் சட்டங்களே சாட்சி. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் இதற்காகவே ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. நிறுவனங்களுக்கு இடையிலான பில்களை, ஒப்பந்தத்தில் வெளிப்படையாக வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, 60 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது அது. நியூயார்க் நகரத்தில் 2017இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் கட்டாயம், பணம் தரும் தேதி அதில் இல்லாவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் தர வேண்டும் என்று சொல்கிறது. கட்டணம் உயர்ந்தால் மரியாதையும் உயரும் என்பது நடைமுறையில் உண்மையாக இருந்தால் இந்தச் சட்டங்களுக்கு வேலையே இருந்திருக்காது.

ஒரே துறையில் நிற்பது

மருத்துவ நூல்கள் மட்டும், பள்ளிப் பாடநூல்கள் மட்டும் என்று ஒரே வகையில் நிற்கலாம். கை பழகும், வேகம் கூடும், கேட்க வேண்டிய கேள்விகள் மனப்பாடம் ஆகும், ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவார். ஆனால் இது வேலையைத் தேர்ந்தெடுப்பதே தவிர ஆளைத் தேர்ந்தெடுப்பது ஆகாது. எந்தத் துறையிலும் இழுத்தடிப்பவரும் இருப்பார், சொன்ன சொல் காப்பவரும் இருப்பார். அந்தத் துறைக்கு ஒரு கெட்ட காலம் வந்தால் எல்லா வாடிக்கையாளரும் ஒன்றாகப் படுத்துவிடுவார்கள் என்ற ஆபத்தும் உண்டு. 2020இல் மேடை நிகழ்ச்சிகளையும் பயணத்தையும் மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு அதுதான் நடந்தது. வேலையின் தரத்துக்காக இந்த வழியை எடுங்கள். தொல்லை பிடித்த ஆட்களைத் தவிர்க்க என்றால், இது உதவாது.

நாலு பெரிய இடம் போதும் என்பது

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. தேர்ந்தெடுப்பது என்றாலே பலர் மனதில் இருப்பது இந்தப் படம்தான்: குறைவான ஆட்கள், பெரிய வேலைகள், நிம்மதி. அந்த நிம்மதி உண்மைதான். தினம் புது ஆளுக்கு விளக்கம் சொல்ல வேண்டாம், கணக்கு வழக்கு சுலபம், அவர்கள் ருசி நமக்குத் தெரியும்.

பிரிட்டனில் இமேஜினேஷன் டெக்னாலஜிஸ் என்று ஒரு நிறுவனம். ஐபோனின் வரைகலைச் சில்லுக்கான வடிவமைப்பைத் தந்துகொண்டிருந்தது. அதன் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி ஆப்பிள் ஒன்றிடமிருந்தே வந்தது. அதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைக்குமா? 2017 ஏப்ரல் 3ஆம் தேதி, இன்னும் 15 முதல் 24 மாதங்களுக்குள் ஆப்பிள் தங்கள் வடிவமைப்பைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடப் போகிறது என்று அந்த நிறுவனமே அறிவிக்க வேண்டி வந்தது. அன்று ஒரே நாளில் அதன் பங்கு விலை 60 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுவனம் வேறு கைக்குப் போய்விட்டது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வாடிக்கையாளருக்குத் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும் பலம் வந்தது, அவ்வளவுதான். எந்த வாடிக்கையாளருக்கும் அந்த உரிமை உண்டு. பாதி வருமானம் அவரிடம் இருக்கிறது என்பது நம் பிரச்சினை, அவர் பிரச்சினை அல்ல.

1950களில் ஃபோர்டு நிறுவனம் எட்செல் காருக்கு விளம்பர நிறுவனம் தேடியபோது, விளம்பர நிறுவனம் நடத்திய டேவிட் ஓகில்வி போட்டிக்கே வரவில்லை என்று எழுதிவிட்டார். அந்த ஒரு வாடிக்கையாளர் வந்தால் தன் நிறுவனத்தின் மொத்த வியாபாரத்தில் பாதி அதுவாகிவிடும், அப்புறம் மனதில் பட்டதை அவர்களிடம் துணிந்து சொல்ல முடியாது என்பது அவர் தந்த காரணம். எட்செல் 1957இல் சந்தைக்கு வந்து 1959இல் நிறுத்தப்பட்டது. கார் தோற்றதால்தான் அவர் முடிவு சரியாகப் போயிற்று என்று நினைக்க வேண்டாம். கார் சக்கைப்போடு போட்டிருந்தாலும் அந்தக் காரணம் அப்படியே நிற்கும்.

பெரிய வாடிக்கையாளரால் பணம் போவதைவிட மோசமானது, சொல்ல வேண்டியதைச் சொல்லும் வாய் போவது. ஆர்தர் ஆண்டர்சன் தணிக்கை நிறுவனத்தின் கதை இதுதான். என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அவர்களுக்குத் தந்தது 52 மில்லியன் டாலர். 2001இல் ஆண்டர்சனின் உலகளாவிய வருமானம் 9 பில்லியன் டாலரைத் தாண்டியது. அந்தக் கணக்கில் என்ரான் ஒரு விழுக்காடுகூட இல்லை. ஆனால் அந்த வேலையைக் கவனித்த ஹூஸ்டன் அலுவலகத்துக்கு அதுதான் மிகப் பெரிய வாடிக்கையாளர். 2001 பிப்ரவரியில் ஆண்டர்சனின் மூத்த பங்குதாரர்கள், இந்த வாடிக்கையாளரை இனியும் வைத்துக்கொள்ளலாமா என்று பேசவே கூடினார்கள். என்ரானின் கணக்கு முறைகள் எவ்வளவு ஆபத்தானவை என்று பேசினார்கள். கட்டணம் ஆண்டுக்கு 100 மில்லியன் டாலர்கூட ஆகலாம் என்ற பேச்சும் அந்தக் கூட்டத்தின் குறிப்பில் இருக்கிறது. வைத்துக்கொள்வது என்று முடிவானது. அந்த டிசம்பரில் என்ரான் திவாலானது. அடுத்த ஆண்டு ஜூனில், என்ரான் ஆவணங்களை அழித்து விசாரணையைத் தடுத்ததாக, ஆண்டர்சன் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தபோது, காப்பாற்ற அங்கே நிறுவனம் இல்லை.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. கேள்வியைச் சரியாகத்தான் கேட்டார்கள். ஆனால் பதில் சொல்ல முடியாத அளவுக்கு அந்த வாடிக்கையாளர் வளர்ந்த பிறகு கேட்டார்கள். அப்புறம், எந்த அளவில் கணக்குப் பார்ப்பது என்பதும் முக்கியம். மொத்த நிறுவனத்துக்கு ஒரு விழுக்காடு என்பது நிம்மதியான எண். அந்த ஒரு வாடிக்கையாளரை நம்பிப் பிழைப்பு நடத்தும் அலுவலகத்துக்கு அது நிம்மதியான எண் இல்லை. உங்களிடம் ஐந்து பேர் வேலை செய்தால், அதில் இரண்டு பேருடைய முழு வேலையும் ஒரே வாடிக்கையாளருக்கா என்று பாருங்கள்.

இதற்கு அளவு உண்டா? சர்வதேச நிதி அறிக்கைத் தரம் 8, ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமானத்தில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ வந்தால் அதை அறிக்கையில் சொல்ல வேண்டும் என்கிறது. தணிக்கையாளர்களுக்கான சர்வதேச நெறிமுறை, பங்குச் சந்தையில் உள்ளவை போன்ற, பொதுநலன் சார்ந்த ஒரே நிறுவனத்திடமிருந்து தொடர்ந்து இரண்டு ஆண்டு மொத்தக் கட்டணத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் வந்தாலே கூடுதல் கட்டுப்பாடு வைக்கிறது. தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு 10 விழுக்காடு என்பது நடக்காத காரியம். எனக்கு நான் வைத்திருக்கும் கோடு மூன்றில் ஒரு பங்கு. ஒருவரிடமிருந்து வருவது அதைத் தாண்டினால் அவரைக் குறைப்பதில்லை, மற்றவர்களைக் கூட்டுகிறேன்.

வாசலிலேயே எடை போடுவது

முதல் கடிதத்தையோ முதல் பேச்சையோ வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்பவர்கள் ஒரு பட்டியலே வைத்திருப்பார்கள். சின்ன வேலைதான் என்கிறாரா, வேண்டாம். நாளைக்கே வேண்டும் என்கிறாரா, வேண்டாம். முன்னால் செய்தவரைத் திட்டுகிறாரா, ஓடிவிடு. இந்த அடையாளங்களில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறைய அவசரமும் இருக்கிறது.

சின்ன வேலைதான் என்று சொல்வது பெரும்பாலும் அறியாமை, தந்திரம் அல்ல. என்னென்ன செய்ய வேண்டும் என்று நாலு வரி எழுதி அனுப்பினால் பாதிப் பேர், ஓ, இவ்வளவு இருக்கிறதா என்று புரிந்துகொள்வார்கள். நாளைக்கே என்றால், அந்தத் தேதியை யார் வைத்தது என்று கேளுங்கள். அச்சகத்தில் இயந்திரம் ஒதுக்கிய நாள், விழா நடக்கும் நாள் என்றால் அது நிஜமான அவசரம். பதில் தெளிவாக வராவிட்டால், அது அவர் மனதில் மட்டும் இருக்கிற தேதி. முன்னால் செய்தவரைப் பற்றிக் குறை சொன்னால், என்ன தவறு நடந்தது என்று கேளுங்கள். எழுத்துருவைக் கோப்பில் சேர்க்காமல் அனுப்பிவிட்டார், அச்சகம் திருப்பி அனுப்பிவிட்டது என்று குறிப்பாகச் சொன்னால் அவர் குறை நியாயமானது, அவர் நல்ல வாடிக்கையாளராகவும் இருக்கலாம். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், ஆழம் பார்த்துத்தான் காலை விட வேண்டும்.

எனக்கு வந்த ஒரு முதல் தகவல் இப்படி இருந்தது: 'புக் போடணும். 40 பக்கம். எவ்ளோ ஆகும்.' வணக்கம் இல்லை, பெயர் இல்லை, என்ன புத்தகம் என்றுகூட இல்லை. எந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தாலும் பதில் போட வேண்டாத ஆள். கேட்டதில், அது இயந்திரப் பழுதுபார்ப்புக் கையேடு என்று தெரிந்தது. முதல் அத்தியாயத்தை மட்டும் முதலில் செய்து பார்க்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் என்றேன். சரி என்றார். படங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எந்தப் பத்திக்குக் கீழே வர வேண்டும் என்று தனித்தாளில் எழுதி அனுப்பியிருந்தார். திருத்தம் வந்தபோது ஒரே தாளில் பக்க எண், வரி எண், இருப்பது இது, வர வேண்டியது இது என்று நாலு கட்டம் போட்டு வந்தது. ஓர் அட்டவணையை மாற்றச் சொன்னார். மாற்றினேன். அதைப் பார்த்துவிட்டு, 'பழசே நல்லாருக்கு, அதையே வைங்க. நான்தான் மாத்தச் சொன்னேன், அந்த வேலைக்கும் சேர்த்து பில் போடுங்க' என்றார். வணக்கத்தோடு, நிறுவனப் பெயர் அச்சிட்ட தாளில், மூன்று பத்தி அழகாக எழுதி வந்த கடிதங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்த ஆட்களில் இந்த ஒரு வரியைச் சொன்னவர் மிகக் குறைவு.

முதல் தகவல் ஒருவருடைய எழுத்துப் பழக்கத்தைக் காட்டும். வேலையில் எப்படி இருப்பார் என்று அதில் தெரியாது. அதனால் வாசலில் நான் மறுப்பது மூன்றே வகை. அடுத்தவர் வடிவமைப்பை அப்படியே எடுத்துத் தா, போலி ஆவணம் செய்து தா என்று நேர்மையில்லாத வேலை கேட்பவர்கள். அட்வான்ஸும் தர மாட்டேன், எழுத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்பவர்கள். பிறகு என்னால் சொன்ன தேதிக்கோ நல்ல தரத்திலோ செய்ய முடியாத வேலை கொண்டுவருபவர்கள். இந்த மூன்றாவது வகையில் குறை அவர்களிடம் இல்லை, அதனால் அவர்களுக்கு வேறு நல்ல ஆள் பெயர் சொல்லி அனுப்ப வேண்டும்.

இரண்டாவது வேலையில் தேர்ந்தெடுப்பது

பெரிய வேலையோடு ஒருவர் வந்தால், அதிலிருந்து தனியாக நிற்கக்கூடிய ஒரு சிறு பகுதியைப் பிரித்து, அதை முதல் வேலையாகச் செய்யலாம். ஓர் அத்தியாயம், ஒரு மாதக் கணக்கு, ஒரு சின்ன மென்பொருள் பகுதி. இதற்கு முழுக் கட்டணம் வாங்க வேண்டும். மாதிரிக்கு என்று இலவசமாகவோ பாதி விலைக்கோ செய்யக் கூடாது, ஏனென்றால் காசு கொடுக்கும்போது அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். அந்தச் சிறு வேலைக்குள் மூன்று விஷயங்கள் இருந்தாக வேண்டும்: அவர் எடுக்க வேண்டிய ஒரு முடிவு, ஒரு சுற்றுத் திருத்தம், ஒரு பில்.

அதில் கவனிக்க வேண்டியவை அதிகம் இல்லை. திருத்தம் மொத்தமாக வருகிறதா, நாளெல்லாம் ஒவ்வொன்றாகச் சொட்டுகிறதா? இறுதி முடிவு சொல்பவர் யார், அவர் இடையில் மாறுகிறாரா? எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம் சொல்வது, ஒரு சங்கடமான செய்தியை அவர் எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பது. அட்டைக்கு அவர் அனுப்பிய படம் இணையத்திலிருந்து எடுத்தது, அங்குலத்துக்கு 72 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கு வழக்கமாக 300 வேண்டும். இந்தப் படத்தைப் போட்டால் மங்கலாக வரும் என்று சொன்னால், மூலப் படம் கிடைக்குமா பார்க்கிறேன் என்பவர் ஒரு ரகம். என் கணினியில் நன்றாகத்தானே தெரிகிறது, நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்பவர் இன்னொரு ரகம். 40 பக்கத்தில் இது சமாளிக்கக்கூடியது. 400 பக்கத்தில் முடியாது.

வேலை முடிந்ததும் மணிக்கணக்கைப் பாருங்கள். கணினி முன் உட்கார்ந்த நேரம் மட்டும் போதாது, தொலைபேசி, விளக்கம், பணத்துக்காக நினைவூட்டியது எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். இரண்டு பேருக்கு 20 மணி நேரம் என்று மதிப்பிட்டு வேலை எடுத்ததாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் 100 தருகிறார், இரண்டாமவர் 150. கட்டணத்தைப் பார்த்தால் இரண்டாமவர்தான் நல்ல வாடிக்கையாளர். முதலாமவர் வேலை 22 மணி நேரத்தில் முடிந்தது. இரண்டாமவருக்கு 45 ஆனது. மணிக்கு முதலாமவரிடம் நாலரை, இரண்டாமவரிடம் 3.3. கூடுதலாகப் போன 23 மணி நேரத்தில் முதலாமவரைப் போன்ற இன்னொருவருக்கு முழு வேலையையும் முடித்துக் கொடுத்திருக்கலாம். இந்தக் கணக்கை எழுதாமல் விட்டால், 150 தந்தவர் முகம்தான் மனதில் நிற்கும்.

கணக்கு மோசமாக வந்தால் உடனே மறுத்துவிட வேண்டும் என்பதில்லை. முதலில் விதிமுறையை மாற்றிப் பார்க்கலாம்: இரண்டு சுற்றுத் திருத்தம் கட்டணத்துக்குள் வரும், அதற்கு மேல் மணிக்கணக்கு, திருத்தம் சொல்பவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும். நல்ல மனது உள்ளவர்கள், ஆனால் ஒழுங்கு இல்லாதவர்கள், இதில் சரியாகிவிடுவார்கள். சரியாகாதவர்கள் இந்த விதிமுறையைப் படித்ததும் அவர்களே வேறு இடம் பார்ப்பார்கள்.

இந்த வழியிலும் ஓட்டை இருக்கிறது. வழக்கு நடத்துவது, ஒரே நாள் நிகழ்ச்சியைப் படம் பிடிப்பது போன்ற வேலைகளைப் பிரித்து மாதிரி பார்க்க முடியாது. அங்கே கட்டணத்தோடு கூடிய ஒரு முதல் ஆலோசனை ஓரளவு அந்த வேலையைச் செய்யும். அவரோடு முன்பு வேலை செய்த ஒருவர் இருவரிடம் விசாரிப்பதும் நல்லது. பெரிய நிறுவனங்களில் சின்ன வேலைக்குப் பொறுமையான ஒருவரும் பெரிய வேலைக்கு வேறு ஒருவரும் வருவதுண்டு. முதல் வேலையிலேயே, தொடர்ந்தால் யாரோடு பேச வேண்டியிருக்கும் என்று கேட்டு அந்த ஆளையும் ஒரு பேச்சுக்காவது கூப்பிட்டுவிட வேண்டும். பிறகு, இந்த வழி மெதுவானது. இதைவிட வேகமான ஒன்றைத் தேடி நான் கண்டுபிடிக்கவில்லை.

தேர்ந்தெடுக்கக் கூடாத இடங்கள்

தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாத் தொழிலுக்கும் ஒரே மாதிரி இல்லை. இங்கிலாந்தில் நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர்கள், தங்கள் துறை வழக்கு, உரிய கட்டணம், நேரமும் இருக்கிறது என்றால், ஆள் பிடிக்கவில்லை என்பதற்காக மறுக்க முடியாது. இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளிலும் இதே கடமை இருக்கிறது. 1792இல், மன்னராட்சியைத் தாக்கி எழுதி வழக்கில் சிக்கிய தாமஸ் பெயினுக்காக வாதாடியதற்காக தாமஸ் எர்ஸ்கின், வேல்ஸ் இளவரசரின் வழக்கறிஞர் பதவியை இழந்தார். நாடே வெறுக்கிற ஒருவருக்கும் வழக்கறிஞர் கிடைக்க வேண்டும் என்ற நியாயம் தொழில் வசதியைவிடப் பெரியது. அவசர சிகிச்சையும் அப்படித்தான்.

மற்ற தொழில்களிலும் ஒரு கோடு உண்டு. ஒருவர் எப்படி வேலை செய்கிறார், எப்படிப் பணம் தருகிறார் என்பதை வைத்து மறுக்கலாம். என்ன சாதி, என்ன மதம், ஆணா பெண்ணா என்பதை வைத்து மறுப்பதற்குத் தேர்வு என்று பெயர் இல்லை, அது பாகுபாடு. முதல் பேச்சிலேயே எடை போடும் வழியை நான் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம். காரணம் சொல்லத் தெரியாமல், ஏதோ சரியாகப் படவில்லை என்று விலக்கும்போது, அந்த ஏதோவுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று நமக்கே தெரியாது. மணிக்கணக்கும் திருத்தத் தாளும் யாருடைய பேரையும் ஊரையும் பார்ப்பதில்லை.

ஏற்கெனவே இருப்பவரை விடுவது

புதியவரை ஏற்காமல் இருப்பதைவிட இது கஷ்டம், ஆனால் அதிக நேரம் மிச்சமாவது இதில்தான். வேலை நடுவில் இருக்கும்போது விலகக் கூடாது. ஒரு வேலை முடிந்து, பில் தீர்ந்து, அடுத்தது தொடங்காத இடைவெளியில் சொல்ல வேண்டும். நீளமாகக் காரணம் சொல்லத் தேவையில்லை. 'அடுத்த பதிப்பிலிருந்து என்னால் இந்த வேலையை எடுக்க முடியாது. இந்த மாத இறுதி வரை, புதிதாக வருபவருக்கு விளக்கம் வேண்டுமென்றால் தருகிறேன்' என்று எழுதினால் போதும். குறைகளைப் பட்டியல் போட்டால் அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவார், அது முடியவே முடியாது.

கடைசியாக ஒப்புதல் பெற்ற பிடிஎஃப், திருத்தக்கூடிய கோப்பு, பயன்படுத்திய எழுத்துருக்களின் பட்டியல், படங்களின் மூலம், எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக அனுப்பிவிட வேண்டும். திருத்தக்கூடிய கோப்பு யாருக்குச் சொந்தம் என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் இந்த இடத்தில் தகராறு வராது. வேறு ஆளின் பெயர் கேட்டால் சொல்லலாம். ஆனால் பணம் இழுத்தடிக்கிறவர் என்பதால் விடுகிறீர்கள் என்றால், அந்த ஆளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், முழு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு தொடங்கட்டும்.